சாட்சியம் என்றால் என்ன? – அலிப்பூரில் கற்ற பாடம்

இளைஞர் பகுதிக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, "குற்ற வழக்குகளில் எதையெல்லாம் சாட்சியமாக ஏற்கிறார்கள் என்று எளிமையாக எழுதுங்களேன்" என்றார். பொருத்தமான தலைப்புத்தான். வங்காளத்தில் வளரும் நம் பிள்ளைகள் ஃபெலுதாவையும் ப்யோம்கேஷையும் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களுடைய பெற்றோர்கள் சுஜாதாவின் கணேஷ், வசந்தோடு வளர்ந்தவர்கள். தாத்தாக்களுக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால். இந்தக் கதைகளில் எல்லாம் குற்றவாளி யார் என்று கண்டுபிடித்தவுடன் கதை முடிந்துவிடும். நீதிமன்றத்தில் அந்த இடத்தில்தான் வழக்கே தொடங்குகிறது. "இவன்தான் செய்தான்" என்று ஒருவர் சொன்னவுடன், "உமக்கு எப்படித் தெரியும்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்.

நான் வழக்கறிஞன் அல்லன். 1971 முதல் 2006 வரை, அலிப்பூர் நீதிமன்றத்துக்கு அருகே ஒரு வக்கீலின் சேம்பரில் சுருக்கெழுத்தாளனாக இருந்தவன். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் சொன்ன சாட்சியங்களைத் தட்டச்சு செய்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட அறிவே இந்தக் கட்டுரைக்கு மூலதனம். இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர் வழக்கு ஒன்று. பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் நுழைந்து, "இவன் எனக்கு அடிமை" என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்து விடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் முதியவரிடம் கேட்டது மூன்று வகைச் சான்றுகளை: ஆட்சி, அதாவது நெடுங்கால நடைமுறை; ஆவணம், அதாவது எழுத்து; அயலார் காட்சி, அதாவது சம்பந்தமில்லாத மூன்றாமவர் கண்டு சொல்வது. முதியவர் அசரவில்லை. கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று எடுத்து நீட்டுகிறார். சபையார் சும்மா விட்டார்களா? சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். மூலப் பிரதி, நகல், கையெழுத்து ஒப்பீடு என்று 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டம் பேசியதில் ஒரு பகுதியைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பாடி வைத்துவிட்டார். மதுரையிலோ பாண்டியன் ஒரு பொற்கொல்லன் வார்த்தையை மட்டும் நம்பினான். சிலம்பை உடைத்துப் பரலைப் பார்ப்பதற்குக் கண்ணகி வர வேண்டியிருந்தது. அதற்குள் கோவலன் உயிர் போய்விட்டது.

இனி அலிப்பூருக்கு வருவோம்.

1908 ஏப்ரல் 30 அன்று இரவு, முசாஃபர்பூரில் மாஜிஸ்ட்ரேட் கிங்ஸ்ஃபோர்டின் வண்டி என்று எண்ணிக் குதிராம் போஸும் பிரஃபுல்ல சாக்கியும் ஒரு வண்டியின் மீது குண்டு வீசினார்கள். வண்டியில் இருந்தவர்கள் கென்னடி என்ற வழக்கறிஞரின் மனைவியும் மகளும். இருவரும் இறந்தார்கள். மே 2 அதிகாலையில் கல்கத்தா போலீசார் மாணிக்தலாவிலுள்ள முராரிபுகூர்த் தோட்டத்தில் சோதனை போட்டார்கள். அதே காலையில் கிரே தெரு வீட்டில் அரவிந்த கோஷைக் கைது செய்தார்கள். தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தலைவர் அவருடைய தம்பி பாரீந்திரர். இதுதான் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. அரசுத் தரப்பில் வாதாட வந்தவர் நம் சென்னையின் புகழ்பெற்ற பாரிஸ்டர் ஏர்ட்லி நார்ட்டன். ஆரம்ப காலக் காங்கிரசில் முன்னின்றவர், அலிப்பூரில் அரசாங்கத்துக்காக நின்றார். அரவிந்தருக்காக வாதாடியவர் சித்தரஞ்சன் தாஸ். செஷன்ஸ் நீதிபதி பீச்கிராஃப்ட், கேம்பிரிட்ஜில் அரவிந்தர் படித்த காலத்திலேயே படித்தவர். இருநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். சாட்சியங்களில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் இந்த ஒரே வழக்கில் கூண்டேறின. அதனால்தான் இதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது பொருள். தோட்டத்தில் துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் தோண்டி எடுத்தார்கள். பொருளுக்கு மறதி கிடையாது, பயம் கிடையாது. ஆனால் அதற்கு வாயும் கிடையாது. அதன் சார்பில் மனிதர்கள்தான் பேச வேண்டும். மனிதர்களோ தங்கள் சந்தேகத்தையும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். அரவிந்தர் தம் சிறை அனுபவ நூலில் வேடிக்கையாக ஒன்றைச் சொல்கிறார். அவர் வீட்டில் ஒரு சிறிய அட்டைப் பெட்டியில் தட்சிணேசுவரத்து மண் இருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்து, புதுவகை வெடிமருந்தோ என்று ஐயப்பட்டாராம். பிறகு, ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். பரமஹம்சர் வாழ்ந்த இடத்து மண் என்று நமக்குத் தெரிகிறது. அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு பக்கம், உண்மையான வெடிகுண்டு ஒன்று யாருக்கும் தெரியாமல் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கனத்த சட்டப் புத்தகம் ஒன்றின் நடுவைக் குடைந்து, காட்பரி கோகோ டப்பாவில் வெடிமருந்து அடைத்துக் கிங்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்ததால் பிழைத்தார். 1909-இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாவது ஒப்புதல் வாக்குமூலம். பாரீந்திரர், உல்லாஸ்கர் தத்தர், உபேந்திரநாதர் முதலியோர் மாஜிஸ்ட்ரேட் பர்லி முன்னிலையில் ஒப்புதல் கொடுத்தார்கள். இங்கே ஒரு நுட்பத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் நம் நாட்டில் செல்லாது. பழைய சட்டத்தில் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23-ஆம் பிரிவு. அதே வார்த்தைகளை மாஜிஸ்ட்ரேட் முன், "நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே போகலாம்" என்ற எச்சரிக்கையைக் கேட்ட பிறகும் மனமொப்பிச் சொன்னால்தான் எடை. லாக்கப்பில் அடி தாங்காதவன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பது வெள்ளைக்காரச் சட்டமியற்றியவர்களுக்கே தெரிந்திருந்தது. அதிகாரத்தில் இருப்பவர் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதலையும் சட்டம் ஒதுக்கிவிடுகிறது. பொருள் அகப்பட்டால் மட்டும் ஒரு விலக்கு. காவலில் இருப்பவன் "இன்ன இடத்தில் புதைத்தேன்" என்று சொல்லி, அங்கே தோண்டினால் பொருள் கிடைக்குமானால், அந்த அளவுக்கு மட்டும் அவன் சொன்னதை ஏற்கலாம். பொருள் கிடைக்காவிட்டால் சொன்னது வெறும் சொல்தான்.

மூன்றாவது அப்ரூவர். கூட்டாளியே மன்னிப்புப் பெற்றுக்கொண்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பது. ஸ்ரீராம்பூர் நரேந்திரநாத் கோஸ்வாமி அப்படி மாறினார். அரவிந்தரையும் சேர்த்துச் சொன்னார். 1908 ஆகஸ்டு 31 அன்று, அலிப்பூர் சிறை மருத்துவமனையில், கனாயிலால் தத்தரும் சத்யேந்திரநாத் போஸும் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், இருவரும் தூக்கிலேறினார்கள். கோஸ்வாமி மாஜிஸ்ட்ரேட் முன் சொன்ன சாட்சியம் தாளில் இருக்கத்தான் செய்தது. ஆனால் எதிர்த்தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. குறுக்கு விசாரணைக்கு உட்படாதவர் சொன்னதை, அவர் இறந்துவிட்டார் என்பதற்காக அப்படியே ஏற்க முடியாது. செஷன்ஸ் விசாரணையில் அது ஒதுக்கப்பட்டது. அரசுத் தரப்பின் முக்கியமான தூண் அப்படிச் சாய்ந்தது.

அப்ரூவர் என்றதும் மூத்த வாசகர்களுக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு நினைவுக்கு வரும். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945-இல் தண்டனை பெற்று, மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலையானார்கள். அதற்குள் பாகவதரின் திரை வாழ்வு ஏறக்குறைய முடிந்திருந்தது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஆவணம். அரவிந்தர் வீட்டில் கிடைத்ததாக ஒரு கடிதத்தை நார்ட்டன் காட்டினார். "மிட்டாய்க் கடிதம்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பாரீந்திரர் அண்ணனுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட ஆங்கிலக் கடிதம். இந்தியா முழுவதும் மிட்டாய்கள் தயாராக இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி. மிட்டாய் என்றால் வெடிகுண்டு என்றது அரசுத் தரப்பு. இது உண்மையானால் அரவிந்தருக்குத் தப்பும் வழி இல்லை. தாஸ் எழுந்தார். கடிதம் எழுதப்பட்டதாகச் சொல்லும் நாளில், 1907 டிசம்பர் இறுதியில், காங்கிரசுக்காக அண்ணனும் தம்பியும் சூரத்திலேயே இருந்தார்கள். ஒரே ஊரில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம்? அதைவிட முக்கியமாக, வங்காளித் தம்பி தன் அண்ணனை "அன்புள்ள சகோதரரே" என்று ஆங்கிலத்தில் விளிப்பானா? "சேஜ்தா" என்றல்லவா எழுதுவான்! அடியில் தன் முழுப் பெயரையும் குடும்பப் பெயரையும் போட்டுக் கையெழுத்திடுவானா?

நம் வீட்டில் நினைத்துப் பாருங்கள். ஊரிலிருக்கும் அண்ணனுக்கு எழுதுகிறவன், "தேவரீர் அண்ணா அவர்களுக்கு" என்று அந்தக் காலத்திலும் "அன்புள்ள அண்ணா" என்று இந்தக் காலத்திலும் எழுதுவான். அடியில் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுவான். இனிஷியலோடு, ஊர்ப் பெயரோடு கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வந்தால் அண்ணனுக்கே சந்தேகம் வந்துவிடும். நார்ட்டனைப் போன்ற பெரிய பாரிஸ்டருக்கு இது உறுத்தவில்லை. குடும்பத்துக்குள் இருந்து பார்க்கிறவனுக்குத்தான் அது உறுத்தும். பீச்கிராஃப்ட் அந்தக் கடிதத்தைச் சந்தேகத்துக்குரியது என்று கருதி, அதை நம்பத் தயங்கினார். அரவிந்தர் தம் மனைவி மிருணாளினிக்கு எழுதிய சொந்தக் கடிதங்களையும் நீதிமன்றத்தில் படித்தார்கள். ஒருவரின் அந்தரங்கத்தைப் படித்ததுதான் மிச்சம், சதி நிரூபணம் ஆகவில்லை.

1909 மே 6 அன்று தீர்ப்பு. பாரீந்திரருக்கும் உல்லாஸ்கருக்கும் தூக்கு. பிறகு உயர்நீதிமன்றம் அதை ஆயுள் கடத்தலாக மாற்றி அந்தமானுக்கு அனுப்பியது. அரவிந்தர் விடுதலை. விசாரணை நடக்கும்போதே, 1909 பிப்ரவரியில், அரசு வக்கீல் அசுதோஷ் பிஸ்வாஸ் அலிப்பூர் நீதிமன்ற வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் காயாத அந்த வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆளும் அரசாங்கத்தின் நீதிபதி ஒருவர், அந்த அரசாங்கம் மிகவும் வேண்டிய மனிதரைச் சாட்சியம் போதாது என்று சொல்லி அனுப்பினார். அரவிந்தர் அடுத்த ஆண்டே புதுச்சேரி போய்ச் சேர்ந்ததும், அங்கே பாரதியார் முன்னமே வந்திருந்ததும் நீங்கள் அறிந்ததே.

இனி ஐந்தாவது, நிபுணர் சாட்சியம். இதிலும் நம் ஊருக்கே பெருமை. உலகின் முதல் கைரேகை அலுவலகம் 1897-இல் கல்கத்தாவில் ஏற்பட்டது. எட்வர்ட் ஹென்றி பெயரால் அந்த முறை உலகெங்கும் வழங்கினாலும், ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரித்து அடுக்கும் கணக்கில் உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு வங்காளிகள். அதற்கு வந்த முதல் பெரிய சோதனை 1898-இல் முடிந்த ஜல்பைகுரி வழக்கு. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணம் களவு போயிருந்தது. யாரைத்தான் சந்தேகிக்கவில்லை! கடுமையாக நடத்தப்பட்ட கூலிகள், அந்தப் பக்கம் வந்துபோன காபூலிகள், துணியில் ரத்தக்கறையோடு இருந்த சமையற்காரர். அது இரவு உணவுக்குக் கொன்ற புறாவின் ரத்தம் என்றார் அவர். பெட்டிக்குள் ஒரு வங்காளப் பஞ்சாங்கம். அதன் நீல அட்டையில் பழுப்பு நிறமாக மங்கலான ஒரு பெருவிரல் தடம். கல்கத்தாப் பதிவேடுகளில் தேடியபோது, அந்த மேலாளரிடம் முன்பு வேலை பார்த்துத் திருட்டுக்காகச் சிறை சென்ற காங்காலி சரணின் ரேகையோடு பொருந்தியது. கறை ரத்தம்தான் என்று ரசாயனப் பரிசோதகரும் சொன்னார்.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்பீர்கள். நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. ரேகை சொன்னது என்ன? இந்தக் கை அந்தப் பஞ்சாங்கத்தைத் தொட்டது. அவ்வளவே. கத்தியைப் பிடித்தது எந்தக் கை என்று அது சொல்லவில்லை. சொல்லாததை அதன் வாயில் திணிக்க அந்த நீதிமன்றம் மறுத்தது. மறு ஆண்டே, 1899-இல், சட்டத்தைத் திருத்திக் கைரேகை நிபுணரின் கருத்தையும் சாட்சியத்தில் சேர்த்தார்கள். டி.என்.ஏ.வுக்கும் இதே கேள்விதான். உமிழ்நீரும் முடியும் ஆளைச் சொல்லும். அவன் ஏன், எப்போது அங்கே வந்தான் என்று சொல்லாது.

கண்ணால் கண்டவர் இல்லாதபோது மிஞ்சுவது சூழ்நிலைச் சாட்சியம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே உறுதியாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து, இவன் குற்றவாளி என்பதைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் ஐந்து நிபந்தனைகளாக வகுத்தது. எழுதுவது எளிது. 1990 மார்ச்சில் பவானிப்பூரில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்ட வழக்கில் பார்த்த சாட்சி இல்லை. அறுந்த கழுத்துச் சங்கிலி, சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், காவலாளி தனஞ்சய் சட்டர்ஜி சம்பவத்துக்குப் பின் காணாமற்போனது ஆகியவற்றைக் கொண்டு அலிப்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் 1991-இல் தூக்குத் தண்டனை விதித்தது. 1994-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2004 ஆகஸ்டு 14 அன்று அலிப்பூர் மத்திய சிறையில் தண்டனை நிறைவேறியது. தான் செய்யவில்லை என்றே கடைசி வரை சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, இந்தியப் புள்ளியியல் கழகப் பேராசிரியர்கள் இருவர் அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்டுப் புத்தகம் எழுதினார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்தச் சிறை 2019-இல் மூடப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்களும் போயிருப்பீர்கள்.

கைப்பேசிப் பதிவுகள், காமிரா காட்சிகள் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். அவையும் ஆவணம்தான். எந்தக் கருவியிலிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்று உரியவர் சான்றிதழ் தர வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. அதைத் தனிக் கட்டுரையாக வேறு யாரேனும் எழுதட்டும். எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பவே பேத்தி வேண்டும்.

இனி என் சொந்தக் காரணம்.

1994 நவராத்திரி. லேக் மார்க்கெட் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரிய கொலு. விஜயதசமி முடிந்து பொம்மைகளை மூட்டை கட்டி மாடத்தில் ஏற்றிய மறுநாள், குழந்தையின் இரண்டு பவுன் சங்கிலியைக் காணோம். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து அந்த வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த பையனுக்குப் பதினான்கு வயதிருக்கும். பெட்டிகளை ஏற்றியவன் அவன். முன்பு ஒருமுறை கடைச் சில்லறையில் இரண்டு ரூபாய் குறைந்ததாம். இத்தனையும் சேர்ந்துவிட்டது. யாரோ இரண்டு அறை விட்டார்கள். "நான்தான் எடுத்தேன் மாமா" என்றான். எங்கே என்றால், ஆதிகங்கையில் போட்டுவிட்டேன் என்றான். போலீசுக்குப் போனால் பையனின் எதிர்காலம் கெடும், கௌரவமாக முடித்துக்கொள்ளலாம் என்று, கோர்ட்டு நடைமுறை தெரிந்தவர் என என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனேன். இருபத்து மூன்று வருட அனுபவம் அப்போது எனக்கு. அவன் கன்னம் சிவந்திருந்ததைப் பார்த்தேன். ஆதிகங்கையில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை என்பதும் தெரியும். மேலே நான் எழுதியிருக்கும் அத்தனையும் அன்றைக்கும் எனக்குத் தெரியும். ஒரு தாளை எடுத்து, "நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி" என்று தொடங்கி, சுத்தமான சட்டத் தமிழில் எழுதினேன். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் கை நடுங்கியது. அதனால் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கினேன். அடுத்த நாள் சென்னை மெயிலில் அவனை ஏற்றிவிட்டார்கள்.

மறு வருடம் புரட்டாசியில் கொலுப் பெட்டியைத் திறந்தபோது, மரப்பாச்சிக்குக் கட்டியிருந்த பட்டுப் பாவாடையின் மடிப்புக்குள் சங்கிலி இருந்தது. பாட்டிதான் அழகுக்குப் பொம்மையின் கழுத்தில் போட்டு, மேலே பாவாடையைச் சுற்றிவிட்டு மறந்திருக்கிறார். அவர்கள் ஊருக்கு எழுதினார்கள். பையன் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று பதில் வந்தது. திருட்டுப் பட்டத்தோடு அப்பா முன் நிற்க அவனுக்குத் துணிவில்லை போலும். நடுவில் எந்த ஸ்டேஷனில் இறங்கினான் என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் விடுமுறையில் போனபோது இரண்டு தடவை கும்பகோணத்தில் விசாரித்தேன்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. என் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. அடியில் ஊதா மையில் ஒரு சின்னப் பெருவிரல், சற்று இழுபட்டு.